உருவகமாக வாசித்தால் விசுவாசம் குறைந்துவிடுமா?

செந்தூல் வாசகர் (கோலாலம்பூர்)

நம் தமிழ்ச் சபைகளில் வளரும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குச் சென்று திரும்பும்போது இரண்டில் ஒன்றாக மாறிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கவலையோடு பார்த்து வருகிறேன். ஒரு சாரார், வேதாகமத்தில் எழுதப்பட்டவை யாவும் எழுதப்பட்டவாறே நடந்தன என்று ஏற்காதவர் கிறிஸ்தவரே அல்லர் என்று உறுதியாக நிற்கிறார்கள். மறு சாரார், ஆறு நாள் படைப்பையும் பேசும் பாம்பையும் மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்த யோனாவையும் நம்ப இயலாமல் முழு வேதாகமத்தையும் ஒதுக்கிவிட்டு, பெற்றோரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் வருகிறார்கள். எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் நிற்பது ஒரே தரைதான்: ஒரு கதை நாளிதழ்ச் செய்தியைப்போல் நடந்திருந்தால் மட்டுமே மெய், இல்லையேல் பொய் என்பது இருவருக்கும் பொதுவான அளவுகோல். அந்த அளவுகோலை வேதாகமம் நமக்குக் கொடுக்கவில்லை என்பதே நான் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து.

யோவான் எழுதிய சுவிசேஷத்தை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். இரண்டாம் அதிகாரத்தில் இயேசு, இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளைக்குள் எழுப்புவேன் என்கிறார். கேட்டவர்கள், இதைக் கட்ட 46 ஆண்டுகள் ஆயின என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர் தம்முடைய சரீரமாகிய ஆலயத்தைப் பற்றிப் பேசினார் என்று சுவிசேஷகரே நமக்கு விளக்குகிறார். மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமு, முதிர்ந்த வயதில் தாயின் வயிற்றுக்குள் மறுபடியும் எப்படிப் போவது என்று கேட்கிறார். நான்காம் அதிகாரத்தில் சமாரிய ஸ்திரீ, மொண்டுகொள்ளப் பாத்திரமும் இல்லை, கிணறும் ஆழமாயிருக்கிறது, ஜீவத்தண்ணீர் எங்கிருந்து வரும் என்கிறாள். ஆறாம் அதிகாரத்தில், இவன் தன் மாம்சத்தை எப்படிப் புசிக்கக் கொடுப்பான் என்று கூட்டம் சண்டையிடுகிறது. இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று என்னால் கருத முடியவில்லை. சொல்லை அதன் மேற்பரப்பிலேயே நிறுத்திக்கொள்பவர்கள் தடுமாறுவதையும், அவர்களில் சிலர் மெல்ல உள்ளே இழுக்கப்படுவதையும் அடுத்தடுத்துக் காட்டி, வாசகருக்கு எப்படி வாசிப்பது என்பதையே அந்த நூல் கற்றுத்தருகிறது.

இது நவீன அறிவியலுக்கு அஞ்சி அண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட ஒதுங்குமிடம் என்று சொல்பவர்களுக்காக ஒரு வரலாற்றுச் செய்தி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேத விளக்கவுரையாளர் அலெக்சாந்திரியாவின் ஒரிகேன், சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் உண்டாயின என்றால் அதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். கடவுள் ஒரு தோட்டக்காரரைப்போல் ஏதேனில் மரம் நட்டார் என்று எழுத்துப்படி எண்ணும் அளவுக்கு அறிவற்றவர் யார் என்றும் எழுதினார். டார்வின் பிறப்பதற்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே, வேதத்தை உயிருக்கு நிகராக நேசித்த ஒருவர் எழுப்பிய கேள்வி இது. அவருக்கும் முன்னதாக, பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு உருவகமாக எடுத்து விளக்குகிறார். பிற்காலத்தில், திருச்சபையின் பெரும் இறையியலாளராக விளங்கிய அகுஸ்தீன் இளைஞராக மிலான் நகரில் இருந்தபோது, பழைய ஏற்பாட்டுக் கதைகள் அவருக்கு முரடானவையாகவும் நம்பத் தகாதவையாகவும் பட்டன. ஆயர் அம்புரோசு அவற்றை உட்பொருளோடு விளக்கிய பிரசங்கங்களைக் கேட்டதே அவர் விசுவாசத்துக்குத் திரும்பி வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது என்ற பவுலின் வாக்கியத்தை அம்புரோசு அடிக்கடி சொன்னதாக அகுஸ்தீன் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு இந்த வாசல் இருப்பதையே நாம் சொல்லித்தருவதில்லை. அன்பர்களின் கருத்துகளை அறிய விரும்புகிறேன், மறுப்புகளையும் வரவேற்கிறேன்.

ஜாலான் ஈப்போ விசுவாசி (கோலாலம்பூர்)

சகோதரர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். இருப்பினும் நீங்கள் திறக்கும் வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இயேசு உவமைகளால் பேசினார் என்பதையும், நானே திராட்சச்செடி என்றும் நானே வாசல் என்றும் அவர் சொன்னபோது அவர் செடியோ கதவோ அல்லர் என்பதையும் நம்மில் யாரும் மறுக்கவில்லை. உருவகம் உருவகமாக நிற்கும் இடத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் நடந்ததாகச் சாட்சி சொல்லப்படும் ஒன்றையும் உருவகம் என்று மாற்றிவிட்டால், சாட்சி சொன்னவர்களை நாம் என்னவென்று அழைப்போம்? தந்திரமான கட்டுக்கதைகளைப் பின்பற்றினவர்களாக அல்ல, கண்ணாரக் கண்டவர்களாகவே அறிவித்தோம் என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்கிறது. பவுலோ முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் இன்னும் கடுமையாக, கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்கிறார். இந்த வாக்கியத்துக்கு உட்பொருள் தேட இடமில்லை.

என் அடிப்படைக் கேள்வி இதுதான்: எது உருவகம், எது நிகழ்வு என்பதை யார் தீர்மானிப்பது? தனக்கு நம்பக் கடினமானவற்றை உருவகம் என்றும் எளிதானவற்றை உண்மை என்றும் ஒவ்வொருவரும் பிரித்துக்கொண்டால், இறுதியில் வேதம் நம்மைத் திருத்துவதற்குப் பதிலாக நாம் வேதத்தைத் திருத்துகிறவர்களாக ஆகிவிடுவோம்.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை (பினாங்கு)

யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மிகவும் நியாயமானது. அதற்குத் தனிமனிதர் என்று பதில் சொன்னால் ஜாலான் ஈப்போ ஐயா அஞ்சுவது நிச்சயம் நடக்கும். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் மரபு இதை எப்படிக் கையாண்டது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோவான் காசியான் என்ற துறவி, மறைநூலை நான்கு நிலைகளில் வாசிக்கலாம் என்பதற்கு எருசலேமை எடுத்துக்காட்டாகத் தந்தார். வரலாற்றின்படி அது யூதர்களின் நகரம். உருவகத்தின்படி அது திருச்சபை. ஒழுக்க நிலையில் அது மனித ஆன்மா. இறுதி நம்பிக்கையின்படி அது விண்ணக நகரம். இந்த நான்கில் எதுவும் மற்றொன்றை அழிப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு வரம்பு வைத்தார். எல்லா உட்பொருள்களும் நேர்ப்பொருளின்மீதே எழுப்பப்பட வேண்டும் என்றார். அதோடு, ஆசிரியர் உருவகமாகச் சொன்னால் அந்த உருவகம் குறிக்கும் பொருளே நேர்ப்பொருள் என்றும் தெளிவுபடுத்தினார். கடவுளின் புயம் என்று எழுதியிருந்தால் கடவுளுக்குக் கை உண்டு என்பது அதன் நேர்ப்பொருள் ஆகாது, அவருடைய ஆற்றலே அதன் நேர்ப்பொருள். இந்த ஒரு நுணுக்கத்தை நாம் உள்வாங்கிக்கொண்டால், இந்த உரையாடல் இழையில் நடக்கும் சண்டையில் பாதி எழவே எழாது என்பது என் எண்ணம். ஆசிரியர் எந்த வகை எழுத்தை எழுதினார் என்று முதலில் கேட்பது நம் வசதிக்காகச் செய்யும் தந்திரம் என்று ஆகாது. அது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை. திருத்தந்தையின் விவிலிய ஆணையம் 1993இல் வெளியிட்ட ஆவணமும், எழுத்துக்கு எழுத்து பற்றிக்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பைக் கடுமையாகவே கண்டித்தது.

அடையாளம் என்றாலே வெறும் அடையாளம்தானே என்ற மனப்பாங்கு நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1529ஆம் ஆண்டு மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் சந்தித்தபோது 15 கூறுகளில் 14இல் உடன்பட்டார்கள். திருவிருந்தின் அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறதா, அது அடையாளம் மட்டுமா என்ற கடைசிக் கூற்றில் பிரிந்தார்கள். இது என் உடல் என்ற வார்த்தைகளை லூத்தர் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார் என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் லூத்தரன் ஆலயத்திலும் அதே பகுதியிலுள்ள கத்தோலிக்க, மெதடிஸ்ட் ஆலயங்களிலும் ஒரே ஞாயிறன்று தமிழர்கள் அப்பத்தை வாங்கும்போது, அந்தப் பிரிவு இன்றும் அங்கே இருக்கிறது. எங்கள் திருச்சபை அருளடையாளம் என்று அழைப்பது, தான் குறிப்பதைச் செய்தும் காட்டும் அடையாளத்தை. பாஸ்கா இரவில் இருட்டில் புதுத்தீ மூட்டி, அதிலிருந்து ஏற்றிய ஒரே மெழுகுதிரியின் சுடரை ஆலயம் முழுவதும் பகிர்ந்து, செங்கடலைக் கடந்த வாசகத்தைக் கேட்டு, அதன்பின் திருமுழுக்குத் தண்ணீரை ஆசீர்வதிக்கும்போது, அங்கே நிற்பவர்களுக்கு யாரும் உருவகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அதற்குள் நிற்கிறார்கள்.

என் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புனித அன்னாவின் திருத்தலம் 2019இல் பசிலிக்கா என்ற சிறப்பு ஆலயத் தகுதி பெற்றது. ஜூலை 26ஆம் நாள் திருவிழாவையொட்டி நாடெங்குமிருந்தும் மக்கள் வருகிறார்கள், இந்துக்களும் சீனர்களும் மெழுகுதிரி ஏந்தி நடக்கிறார்கள். மரியாவின் தாய் அன்னாவின் பெயர் விவிலியத்தில் ஓரிடத்திலும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருமுறையில் சேர்க்கப்படாத ஒரு நூலிலிருந்தே அவர் கதை நமக்குக் கிடைக்கிறது. அதுவும் சாமுவேலின் தாய் அன்னாவின் கதையை ஒட்டி, பிள்ளையில்லாத் துயரையும் காத்திருப்பையும் சொல்லும் கதை. வரலாற்று ஆவணம் கேட்பவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை வரம் கேட்டு அந்த மலையடிவாரத்தில் முழந்தாளிடும் பெண்ணிடம், அவளுடைய நம்பிக்கை பொய்யின்மீது நிற்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது உண்மையும் ஆகாது.

பட்டர்வொர்த் சைவன் (பினாங்கு)

வெளியிலிருந்து வாசிப்பவன் என்ற உணர்வோடும் மரியாதையோடும் சில சொற்கள். தமிழருக்கு இந்த வாசிப்பு அந்நியமானதன்று. சொல்லாமல் சொல்லும் உள்ளுறையைத் தொல்காப்பியமே இலக்கணமாக வகுத்திருக்கிறது. கூத்தப்பெருமானின் திருவுருவில் துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய பாதம் அருளலையும் குறிப்பதாக உண்மை விளக்கம் என்னும் சைவ சித்தாந்த நூல் கூறும். அந்தக் கூத்து எந்த ஆண்டில் நடந்தது என்று எங்களில் யாரும் கேட்பதில்லை. அது இப்போதும் நடக்கிறது. உங்கள் மரபிலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் கிறிஸ்துவின்மேல் காதல் கொண்ட தலைவியாகத் திருச்சபையைப் பாடினார், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் ஆன்மாவின் பயணத்தையே காப்பியமாக்கினார்.

ஆயினும் எங்கள் முறையை அப்படியே உங்கள் சமயத்தின்மேல் போர்த்திவிட முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. உங்கள் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு உரோமை ஆளுநரின் பெயர் நிற்கிறது. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அவன் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துவும் எழுதியிருக்கிறார். இவ்வளவு பிடிவாதமாக நாளையும் இடத்தையும் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு சமயம், முழுவதும் குறியீடாகக் கரைந்துவிடச் சம்மதிக்குமா?

சுங்கை டுவா மாணவர் (பினாங்கு)

நான் உயிரியல் படிக்கிறேன். செந்தூல் ஐயா குறிப்பிட்ட இரண்டாம் சாராரில் ஒருவன். உங்கள் எல்லாருடைய பதிவுகளையும் ஆர்வத்தோடு வாசித்தேன். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. எல்லாம் உருவகம் என்றால், அறம் போதிக்கும் எந்த நல்ல நூலையும் வாசித்துவிட்டுப் போகலாமே, வேதாகமத்தை ஏன் தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

செந்தூல் வாசகர் (கோலாலம்பூர்)

மூவருக்கும் சேர்த்தே பதில் எழுத முயல்கிறேன்.

தம்பி, உருவகம் என்பது கதையின் தோலை உரித்துவிட்டு உள்ளேயிருக்கும் நீதியை மட்டும் எடுத்துக்கொள்வது என்றால், நீங்கள் சொல்வது சரி. நீதி கிடைத்தபின் கதை வேண்டியதில்லை. 1941இல் ஜெர்மானிய இறையியலாளர் ருடோல்ஃப் புல்ட்மன், புதிய ஏற்பாட்டின் தொன்ம மொழியை இன்றைய மனிதனின் வாழ்வுத் தீர்மானங்களின் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று வாதிட்டபோது அந்த ஆபத்து அதில் இருந்தது. மற்றோர் இறையியலாளரான பவுல் தில்லிக் அதற்கு வேறொரு வழி காட்டினார்: தொன்மம் தொன்மம்தான் என்று அறிந்த பிறகும் அதை அகற்றிவிட இயலாது, ஏனெனில் குறியீடு தான் சுட்டும் மெய்யில் தானும் பங்குபெறுகிறது, அதற்கு மாற்றாக வேறு சொல் வைக்க முடியாது. எனக்கு இதுவே சரியென்று படுகிறது. ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைக் கீழ்ப்படியாமை தீது என்று ஒரு வரியில் சுருக்கிவிடலாம். ஆனால் தேவன், நீ எங்கே என்று கேட்கும்போது, நிர்வாணியாயிருப்பதனால் பயந்து ஒளிந்துகொண்டேன் என்று ஆதாம் சொல்வதை வாசிக்கும் கணத்தில், நான் எதற்கெல்லாம் ஒளிந்துகொள்கிறேன் என்ற கேள்வி என்மேல் விழுகிறது. அந்தச் சுருக்கத்தால் அதைச் செய்ய முடியாது.

யார் தீர்மானிப்பது என்று சகோதரர் கேட்டதற்கு ஆசிரியை அம்மா சொன்ன பதிலோடு அகுஸ்தீனின் விதியையும் சேர்த்துக்கொள்கிறேன். வேதத்திலிருந்து நீ பெறும் பொருள் தேவ அன்பையும் பிறர் அன்பையும் கட்டியெழுப்பவில்லையென்றால் நீ இன்னும் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அந்த விதி. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிப்பவன் பாக்கியவான் என்று 137ஆம் சங்கீதம் முடிவதை என்ன செய்வது? ஒரிகேன் அக்குழந்தைகளை மனத்தில் முளைவிடும் தீய எண்ணங்களாகவும் கல்லைக் கிறிஸ்துவாகவும் வாசித்தார். அது சற்று வலிந்த விளக்கம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிறைப்பட்டவர்களின் கதறலாகவே அதை விட்டுவிடுவது மேல் என்று நான் கருதுகிறேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது முக்கியம்: கொலையை வாழ்த்தும் ஒரு வரியை எழுத்துப்படி தேவனுடைய விருப்பமாக ஏற்க அவருடைய விசுவாசமே இடங்கொடுக்கவில்லை. நோவா கானானைச் சபித்த பகுதியை எழுத்துப்படி கையிலெடுத்து ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வைத்திருந்ததை நியாயப்படுத்தியவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

பட்டர்வொர்த் அன்பர் சுட்டிய இடம் உண்மையிலேயே எல்லைக்கல். சிலுவை முதலில் ஒரு கொலைக்கருவி. கிறிஸ்துவுக்கு முன் 71ஆம் ஆண்டில் ஸ்பார்த்தக்கஸின் கிளர்ச்சியை அடக்கிய உரோமர்கள், பிடிபட்ட 6,000 அடிமைகளை அப்பியன் சாலையின் ஓரமாகச் சிலுவைகளில் அறைந்தார்கள். உரோமை நிலவறைக் கல்லறைகளில் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் நல்ல மேய்ப்பனையும் மீனையும் நங்கூரத்தையும் வரைந்தார்களேயன்றி, சிலுவையில் தொங்கும் உருவத்தை வரையத் தயங்கினார்கள். அதைத் தங்கள் கண்ணால் பார்த்த தலைமுறைகளுக்கு அது அணிகலனாக முடியவில்லை. ஆகையால் சிலுவையின் குறியீட்டு ஆற்றல், ஒரு மனிதர் அதில் உண்மையாகவே இறந்தார் என்பதிலிருந்தே வருகிறது. அதை நான் கரைக்கவில்லை, கரைக்கவும் மாட்டேன்.

உயிர்த்தெழுதலைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எம்மாவு வழியில் இரு சீஷர்கள் அவரோடு நடந்தும் அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது அறிந்தார்கள், அறிந்தவுடன் அவர் மறைந்தார். கதவு பூட்டியிருக்க நடுவே வந்து நிற்கிறார், ஆயினும் தோமாவைத் தொட்டுப்பார்க்கச் சொல்கிறார். ஒரு நிழற்படக் கருவி அங்கே இருந்திருந்தால் எதைப் பதிவு செய்திருக்கும் என்று அந்தச் சாட்சிகள் நமக்குச் சொல்ல முயலவில்லை. அவர்களுக்கு ஏதோ நேர்ந்தது என்பதையும், ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதையும் நான் ஐயமின்றி ஏற்கிறேன். அதைச் சொல்ல அவர்களிடம் இருந்த மொழி குறியீட்டின் மொழி.

ஜாலான் ஈப்போ விசுவாசி (கோலாலம்பூர்)

சிலுவையைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என் நன்றி. ஆனால் நான் பல வீடுகளில் மரணப்படுக்கையின் அருகே அமர்ந்து ஜெபித்தவன். செராஸ் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளையைப் புதைத்துவிட்டு நிற்கும் தாய், அவன் உயிர்த்தெழுவானா என்று என்னிடம் கேட்கும்போது, அது குறியீட்டின் மொழி என்று நான் பதில் சொல்ல வேண்டுமா? உருவகத்தால் யாரையும் ஆற்றித் தேற்ற முடியாது, சகோதரரே.

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியை (பினாங்கு)

ஐயா, அந்தத் தாயிடம் யாரும் இலக்கணம் பேசக்கூடாது. அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் உருவகத்தால் தேற்ற முடியாது என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. அப்படுக்கைகளின் அருகே நீங்கள் மிகுதியாக வாசித்தது 23ஆம் சங்கீதமாகத்தான் இருந்திருக்கும். மேய்ப்பர், புல்வெளி, அமர்ந்த தண்ணீர், கோலும் தடியும், சத்துருக்களுக்கு முன்பாக ஆயத்தமாகும் பந்தி, எண்ணெய், நிரம்பி வழியும் பாத்திரம்: முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உருவகம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி, ஆட்டு மந்தை மேய்ப்பதைப் பார்த்தேயிராத எங்கள் பாட்டிமார் அதைச் சொல்லிக்கொண்டே கண்மூடினார்கள். சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று. நீங்கள் முதலில் எடுத்துக்காட்டிய கொரிந்தியர் அதிகாரத்திலேயே, மரித்தோர் எப்படிப்பட்ட உடலோடு வருவார்கள் என்று ஒருவன் கேட்பதாகப் பவுல் எழுதுகிறார். அதற்கு அவர் தரும் பதில் ஒரு விதை. நீ விதைப்பது செத்தாலொழிய உயிர் பெறாது என்கிறார். விதைக்கும்போது இருப்பது வெறும் மணி, முளைத்து வரப்போகும் உருவம் வேறு என்கிறார். தாம் உறுதியாக நம்பிய ஒன்றை உருவகத்தின் வழியாகவே அவராலும் சொல்ல முடிந்தது.

ஜாலான் ஈப்போ விசுவாசி (கோலாலம்பூர்)

சங்கீதத்தைப் பற்றி அம்மா சொன்னதை ஏற்கிறேன். இத்தனை ஆண்டுகள் அதை வாசித்தும் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. மேய்ப்பர் என்பது உருவகம், ஆனால் மேய்க்கிறவர் உருவகம் அல்லர் என்பதே என் எல்லை. அதைத் தாண்டி என்னால் வர இயலாது, செந்தூல் சகோதரரும் அதைத் தாண்டிவிட்டாரா என்பது அவருடைய கடைசிப் பத்தியிலிருந்து எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. மாணவத் தம்பியும் விலகிப் போய்விடாமல் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாம் கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் 58 வசனங்களையும் விடாமல் இவ்விழையிலேயே வரிசையாக வாசிப்போம். 14ஆம் வசனம்வரை நான் எழுதுகிறேன். விதையைப் பற்றிய 36 முதல் 44 வரையிலான பகுதியை ஆசிரியை அம்மா எழுதட்டும். மற்ற வசனங்களைச் செந்தூல் சகோதரர் எடுத்துக்கொள்ளலாம்.